பாறை முறையில் ஒரு கப்பல்

படிக்கிற கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற வயதுக்கு வந்துவிட்ட என் சேக்காளிகளுக்கு இதை எழுதுகிறேன். நம் சிறுவயதில் கம்ப்யூட்டர் விளையாட்டே கிடையாது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இருந்தது. ராஜபாளையத்தில், மில் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு தெருவில், என் மாமா வீட்டு உள்ளறையில் இருந்தது. ஒரு கோடை விடுமுறை முழுக்க நாங்கள் அதில் விண்கப்பல் ஓட்டினோம். ஓட்டிய நேரத்தைவிட ஒருவரையொருவர் சந்தேகப்பட்ட நேரம்தான் அதிகம்.

எந்த ஆண்டு என்பதில் எங்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசி என்பது என் முடிவு. தட்டச்சு வகுப்புகளில் அப்போதும் இடம் கிடைக்காமல் பிள்ளைகள் காத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் வந்துவிட்டது, ஆனால் அதை நம்பி யாரும் தட்டச்சை விட்டுவிடவில்லை. அந்த இடைவெளி நம் ஊர்களில் சில கோடைகளே நீடித்தது. அவற்றில் தெருக்குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்த கோடை எது என்று பார்த்தால் ஆண்டு தானாக அகப்பட்டுவிடும். மாமா மகன், என் அத்தான், ஓராண்டு முன்னே தள்ளிச் சொல்கிறார். அவர் எதையும் தேதி வைத்து நினைப்பவர் அல்ல.

எனக்குப் பதின்மூன்று வயது. சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னலைத் திறப்பதற்குள் வந்துவிடுகிற தூரம்தான் என்றாலும், லீவுக்கு மாமா வீட்டுக்குப் போவது வெளியூர்ப் பயணமாகவே கருதப்பட்டது. மாமா என் அம்மாவின் அண்ணன். நூல் மில்லில் ஃபிட்டர். மில் ஆபீசில் புது மெஷின்கள் வந்தபோது கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை, மகன் படிப்புக்கு ஆகும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதன் திரைக்கு அந்த ஊர்த் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணியில் அத்தை உறை தைத்திருந்தாள். உறையை எடுத்ததும் சூடான தூசியின் வாடை வரும். அந்த உறை இப்போது யாரிடமும் இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அத்தானுக்கு என்னைவிட இரண்டு வயது கூட. அவருடைய கூட்டாளி ஒருவன் இருந்தான். கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த பாயின் மகன். அவனுடைய அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய ஜாய்ஸ்டிக்தான் எங்கள் கப்பலுக்குச் சுக்கான். அதனால் அவனை ஜாய்ஸ்டிக்காரன் என்றே கூப்பிட்டோம். பகல் முழுக்கக் கடையில் அப்பாவுக்கு ஒத்தாசை. சாயங்காலம் அந்தக் கருவியை ஒரு துணிப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவருவான். முதல் வாரத்திலேயே அவனுக்குக் கை வலித்து, அதை மாமா வீட்டிலேயே விட்டுப்போகத் தொடங்கினான். ஆனால் போகும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

விளையாட்டில் ஒரு நிலையம் உண்டு. அதிலிருந்து கப்பல் கிளம்பும். சுற்றிலும் இருட்டு, நட்சத்திரம், கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய கல். கப்பலை ஓட்ட மூன்று முறைகள் இருந்தன. அவற்றுக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயர்கள் எங்களுக்குப் பிடிபடவில்லை. நாங்களே பெயர் வைத்தோம்.

முதலாவது பஸ் முறை. திருப்பினால் திரும்பும், விட்டால் தானாக நிற்கும். இரண்டாவது தேர் முறை. திருப்பினால் செத்த நேரம் யோசித்துவிட்டுத் திரும்பும், நிறுத்த வேண்டும் என்றால் வெகு முன்னாலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். பெரிய தேருக்குப் பேர்போன என் ஊரைக் கேலி செய்வதற்காக அத்தான் வைத்த பெயர் அது. மூன்றாவது பாறை முறை. அய்யனார் கோவில் ஓடையில் பாசி பிடித்த பாறைகளில் கால் வைத்தவர்களுக்குப் புரியும். ஒரு தடவை தள்ளிவிட்டால் போதும். எஞ்சினை அணைத்தாலும் கப்பல் போய்க்கொண்டே இருக்கும். மூக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் போகிற பக்கம் மாறாது. பக்கவாட்டில், தலைகீழாக, ஏன், பின்பக்கமாகக்கூடப் போகும். நிற்க மட்டும் நிற்காது.

இதையெல்லாம் நாங்கள் சும்மா சோதித்துப் பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடி பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விடுமுறைக் கடைசியில் இதே விளையாட்டில் போட்டி வைத்திருந்தார்கள். நிலையத்திலிருந்து கிளம்பி, கல்லைச் சுற்றி, திரும்பி வந்து நிலையத்து வாசலுக்குள் நிறுத்த வேண்டும். சுவரில் இடித்தால் அவுட். அணிக்கு அந்த மூன்றில் ஒரு முறை, ஒரு ஓட்டி மட்டும். மூன்று பேரில் யார் ஓட்டுவது என்பதைச் சோதனை முடிவு செய்யும் என்று அத்தான் அறிவித்திருந்தார். எனக்கு அந்த இடம் வேண்டும். அப்போது அதைவிட எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. என் ஊரில், என் பள்ளிக்கூடத்துப் பையன்கள் முன்னால், நான் ஓட்ட வேண்டும்.

சோதனையின் ஒழுங்கு என் யோசனை. ஒரே வழி, ஒரே கருவி, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். யார் எந்த முறையில் எப்படி வந்தார்கள் என்பதை உள்ளறைக் கதவின் பின்பக்கம் சாக்பீஸால் எழுதினோம். விளையாட்டை மூடும்போது கப்பல் எந்த நிலையில் இருந்ததோ, மறுநாள் திறக்கும்போது அதே நிலையில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு சாயங்காலமும் கப்பலை நிலையத்தில் நிறுத்தி, பஸ் முறையில் வைத்து மூடுவோம்.

தொடங்கிய சில நாட்களிலேயே அது நடந்தது. அத்தான் திரையைப் போட்டார். நிலையம் இல்லை. கல் இல்லை. கறுப்பும் நட்சத்திரமும் மட்டும். கப்பல் பாறை முறையில் எங்கோ கண்காணாத தொலைவில் மிதந்து போய்க்கொண்டிருந்தது.

வைரஸ் என்றான் ஜாய்ஸ்டிக்காரன். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கு வரும் எல்லா நோய்க்கும் ஒரே பெயர் அது. மில்லில் ஷிஃப்ட் மாறும்போது கரண்ட் ஏறி இறங்குவதால் இருக்கும் என்று நான் சொன்னேன். அத்தான் ஜாய்ஸ்டிக்கை மோந்து பார்த்தார். பிடியில் ஒரு இழை பஞ்சு ஒட்டியிருந்தது. ராஜபாளையத்தில் பஞ்சு ஒட்டாத பொருள் எது? அதை வைத்து யாரையும் பிடிக்க முடியவில்லை.

மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும். அப்போதுதான் அத்தானின் பார்வை என்மேல் வந்து நின்றது.

அந்த வீட்டின் காலைப் பொழுதை இங்கே சொல்லிவிட வேண்டும். மாமாவுக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும். நைட் ஷிஃப்ட் என்றால் காலையில் வந்து, குளித்து, இட்லி தின்றுவிட்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மின்விசிறி ஓடியது அந்த அறையில்தான். அவர் ஈரத்துண்டை வாசல் கதவில் போட்டால், தெருவில் கீரை விற்கிறவள்கூட அந்த வீட்டைத் தாண்டும் வரை கூவமாட்டாள். அத்தை குக்கர் வைக்கமாட்டாள். விசில் சத்தம் கேட்கும் என்று சட்டியில்தான் பருப்பு வேகும். மில்காரர்கள் தெரு முழுக்க அப்படித்தான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவரின் தூக்கத்துக்கு இருந்த மரியாதை கோவில் நடைக்குக்கூட இருந்ததில்லை. அந்தக் கதவை யாரும் திறக்கமாட்டோம். அந்தக் கதவுக்குள் என்ன நடக்கும் என்று யோசிக்கவும் மாட்டோம். தூங்குகிறார், அவ்வளவுதான்.

அத்தான் காலையில் தட்டச்சு வகுப்புக்குப் போய்விடுவார். அத்தை தெருக்குழாயில் வரிசையில் நிற்பாள். நிரம்பிய குடத்தை வீட்டில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவது என் வேலை. ஆகவே காலை முழுக்க அந்த வீட்டுக்குள் திரும்பத் திரும்பப் போய் வந்த ஒரே ஆள் நான்தான்.

"எங்கப்பா தூங்குனா இடி விழுந்தாலும் முழிக்க மாட்டாரு. நீ பூனை மாதிரி உள்ள போயிருப்ப," என்றார் அத்தான்.

நான் ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். அதற்கு ஜாய்ஸ்டிக்காரனிடம் பதில் இருந்தது. நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. எங்கள் ஊர்ப் பையன்களும் போட்டிக்கு வருகிறார்கள். ராஜபாளையத்துச் சோதனையைக் கெடுப்பதற்காக அனுப்பப்பட்டவள். அம்மா கொடுத்துவிட்ட பால்கோவாவை அவன் அன்றைக்குத் தொடவில்லை. அது லஞ்சம் என்று சொல்லிவிட்டான்.

தண்டனையும் உடனே வந்தது. கெடுத்தவளே கப்பலைத் திரும்ப நிலையத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவர்கள் இருவரும் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். நான் தனியாக உட்கார்ந்து, கண்காணாத இருட்டிலிருந்து அந்தக் கப்பலை ஓட்டிக்கொண்டு வருவேன். முறையை மாற்றுவதற்குக்கூட அங்கே வழியில்லை. நிலையத்துக்குள் நின்றால்தான் மாற்ற முடியும். ஆகவே பாறை முறையிலேயே வர வேண்டும். முதல் நாள் நிலையத்துச் சுவரில் மோதினேன். அடுத்த நாளும் மோதினேன். பிறகு மெல்ல மெல்ல வசப்பட்டது. அதை அவர்களிடம் நான் சொல்லவில்லை. என்மேல் சந்தேகப்பட்டவர்களுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்?

இடையில் சுந்தரபாண்டியத்தில் என் சித்தி வீட்டில் காதுகுத்து. ஒரு வாரம் அங்கே போய்விட்டேன். திரும்பி வந்த அன்று அத்தான் முகத்தில் ஒரு பரவசம். நான் இல்லாத வாரம் முழுவதும் கப்பல் நிலையத்தை விட்டு அசையவே இல்லையாம். நான் வந்த மறுநாள் கப்பல் மீண்டும் காணாமல் போனது.

தேதிகளைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் என்று என்னைக் கேலி செய்வீர்கள். அந்த வயதிலும் அப்படித்தான். ஆனால் இந்தக் கணக்கு எனக்கு ஓடவில்லை. நான் சுந்தரபாண்டியம் போன வாரம்தான் மாமாவுக்குப் பகல் ஷிஃப்ட். நான் திரும்பியபோது அவர் நைட்டுக்கு மாறியிருந்தார். கண்முன்னால் கிடந்த விஷயம். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தூங்குகிறவரை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

எனக்கு அவர்கள்மேல் சந்தேகம் வளர்ந்தது. அத்தானே இதைச் செய்துவிட்டு என்னை ஓட்டி இடத்திலிருந்து தள்ளப் பார்க்கிறாரோ? கடையிலிருந்து நடுவில் எழுந்துவந்து ஜாய்ஸ்டிக்காரன் செய்கிறானோ? குடத்தோடு வரும்போதெல்லாம் வாசலில் புதுச் செருப்பு கிடக்கிறதா என்று பார்ப்பேன்.

ஒரு நாள் காலையில் குடத்தை அடுப்படியில் இறக்கிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. உள்ளறையிலிருந்து உடனே, கொஞ்சமும் தாமதம் இல்லாமல், "அடச்சே" என்று ஒரு குரல். தூக்கத்திலிருந்து எழுந்தவர் குரல் இல்லை அது. நான் அப்படியே நின்றேன். கரண்ட் திரும்ப வந்தது. விசிறி கிறீச்சிட்டது. அதன் பின்னால் கம்ப்யூட்டர் உயிர்பெறும்போது போடுகிற அந்த ஒற்றை பீப்.

பக்கத்துச் சந்துக்குப் போய் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மாமா கைலியோடு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். காதோரம் முடியில் பஞ்சு. விளையாட்டைத் திறந்தார், பாறை முறையைத் தேர்ந்தெடுத்தார், வாசலுக்கு வெளியே ஒரு தள்ளு தள்ளினார், எஞ்சினை அணைத்தார். ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார். மற்ற முறைகளில் எஞ்சின் இரைந்துகொண்டே இருக்கும். பாறை முறையில் அணைத்துவிட்டால் சத்தமே இருக்காது. நட்சத்திரங்கள் அவர் முகத்தில் மெதுவாக நகர்ந்தன. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. தண்ணீர் எடுக்கத் திரும்பி வராததற்காக அத்தையிடம் ஏச்சு வாங்கினேன்.

அன்று சாயங்காலமே அத்தான் விசாரணை வைத்தார். ஜாய்ஸ்டிக்காரன் கதவோரம் நின்றான். மாமா கட்டிலில் உட்கார்ந்து, ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் குடிக்கிற டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நீ இல்லாத வாரம் கப்பல் அசையல. வந்த மறுநாளே காணோம். இதுக்கு என்ன சொல்லுத?"

"நான் தொடல அத்தான்."

"அப்போ யாரு தொட்டா? எங்கப்பாவா?"

ஜாய்ஸ்டிக்காரன் சிரித்தான். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் டீயிலிருந்து கண்ணை எடுத்தார். என்னைத்தான் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கு அந்தக் கணத்தில் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"விடுங்கலே. சின்னப் புள்ள. தெரியாம செஞ்சிருப்பா."

எனக்காகப் பரிந்து பேசியதாகத்தான் அவர் நினைத்திருப்பார். ஆனால் பெரியவர் வாயால் தீர்ப்பு வந்துவிட்டது. ஓட்டி இடம் போயிற்று. போட்டி அன்று சென்டர் பக்கமே வரக்கூடாது என்று அத்தான் சொன்னார். இரண்டு நாளில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். ஊர் வரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெரிய மனுஷர் இப்படிச் செய்யலாமா என்று மாமாவைக் கரித்துக்கொட்டிக்கொண்டே வந்தேன்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதை அத்தை சொல்லித்தான் அறிந்தேன், அதுவும் வெகுகாலம் கழித்து, மாமா காலமான பிறகு. இதை எழுதலாமா என்று கேட்டபோது, தாராளமாக எழுது என்றாள். "எனக்கு அப்பவே தெரியும். தூங்குத மனுசன்னா குறட்டை கேக்கணும்லா. அந்தக் கோடை முழுக்க அந்த ரூம்ல ஒரு சத்தம் கிடையாது." பகலில் தூக்கம் வராத வியாதி அவருக்கு அப்போது பிடித்திருந்ததாம். கண்ணை மூடினால் காதுக்குள் மில் ஓடுமாம். "தூங்காம வந்து மிஷின்ல நிக்காருன்னு வெளிய தெரிஞ்சா மில்லு கேட்டுக்குள்ள விடுவாவளா? அவிய பயந்தது அதுக்குத்தான். உங்ககிட்டச் சொன்னா தெருவுக்கே தெரிஞ்சிரும்லா." ஏன் அவரிடம் அத்தை கேட்கவில்லை என்றேன். கேட்டால் அதற்குப் பிறகு அந்த நாற்காலியிலும் உட்காரமாட்டாரே என்றாள்.

பதின்மூன்று வயதில் எனக்கு இது எதுவும் தெரியாது. அவமானம் மட்டும் தெரியும். வீட்டில் அம்மா காரணம் கேட்டாள். சொல்லவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் அத்தான் நின்றார். தனியாக, பஸ் புழுதியோடு. உள்ளே வரச் சொன்னோம். தண்ணீர் குடித்தார். அம்மா அடுப்படிக்குப் போகும்வரை காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா ஒன்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"என்ன?"

"பாறையில போய்க்கிட்டு இருக்கும்போது கப்பலை எப்படி நிப்பாட்டுறதுன்னு."

சொல்லி முடித்ததும் அவர் காது சிவந்துவிட்டது. மாமா அவரிடம் வேறு எதுவும் சொல்லவில்லை என்று பிற்பாடு அறிந்தேன். அந்தக் கேள்வியை மட்டும் கொடுத்து, பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டிருக்கிறார். பஸ்ஸில் வரும்போதே அத்தானுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஓட்டாதவருக்கு நிறுத்துவது எதற்கு? என்னிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

கப்பலை முழுசாகத் திருப்ப வேண்டும், முதுகு நிலையத்தைப் பார்க்க வேண்டும், அப்புறம் எஞ்சினைப் போட்டால் அது போகிற வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் என்று சொன்னேன். கையை வைத்து அபிநயித்தும் காட்டினேன். அவர் அதே மாதிரி தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"பின்னால பாக்காம எப்படித் தெரியும், எங்க நிக்கும்னு?"

"பழகிட்டேன் அத்தான். தெனமும் கொண்டுவந்தேன்லா."

தண்ணீர் டம்ளரைத் தரையில் வைத்தார். பொறவு, "நாளைக்கு நீயே ஓட்டு. பாறையிலயே ஓட்டு," என்றார்.

பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அது தேர் முறையில் நிதானமாக வந்த என் ஊர்ப் பையன் ஒருவனுக்குப் போனது. கல்லைச் சுற்றும்போது நான் அகலமாகப் போய் நேரத்தை இழந்துவிட்டேன். சான்றுக்கு என்னிடம் எதுவும் இல்லை. அந்தச் சென்டர் இருந்த மாடியில் இப்போது ஜவுளி விற்கிறார்கள்.

மாடி முழுக்கத் தலைகள். வேர்வை. என் பள்ளிக்கூடத்துப் பையன்கள் முன்வரிசையில். ஜாய்ஸ்டிக்காரனுக்கு அத்தான் என்ன விளக்கம் சொன்னாரோ, எதுவும் சொல்லவில்லையோ, நான் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து என் தோளுக்குப் பின்னால் அவன் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. அவனுடைய கருவி. அவனுடைய அண்ணன் அனுப்பியது. அதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியின் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறான்.

கல்லைச் சுற்றி வந்துவிட்டேன். நிலையம் திரையில் பெரிதாகிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு போனார்கள். நான் கப்பலைத் திருப்பினேன். நிலையம் ஒரு பக்கமாக வழுக்கிக் காணாமல் போனது. திரையில் நான் வந்த வழியும் இருட்டும் மட்டும். முன்வரிசை ஓவென்று சிரித்தது. ஊரை விட்டு ஓடுகிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

"பாத்தியாலே, ஓடுதா. நான் அப்பவே சொன்னேன்," என்று சொல்லிக்கொண்டே ஜாய்ஸ்டிக்காரன் என் கைக்கு மேலாகக் கையை நீட்டினான். அது ஜாய்ஸ்டிக்கைத் தொடவில்லை. நடுவில் அத்தானின் கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"செத்த பொறு. அவ நிப்பாட்டுதா."

நான் எஞ்சினை அழுத்தினேன். திரையின் இரண்டு ஓரங்களிலும் நிலையத்து வாசலின் விளக்குகள் எனக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்து வந்தன. வேகம் குறைந்து, இன்னும் குறைந்து, நின்றன.